கண் பரீட்சையில் முதல் மார்க்

கண் ஆஸ்பத்திரியில் நாற்காலியில் உட்காரவைத்து எதிர்ச்சுவரில் உள்ள எழுத்துகளைப் படிக்கச் சொன்னால், என் வாய் தானாக ஒரு ராகத்தை முணுமுணுக்கும். போன மாதம் இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்தார்கள். கட்டுப் பிரித்த சின்ன வயசு டாக்டர், "என்னம்மா பாடறீங்க?" என்று கேட்டார். பழைய பாட்டு என்று சொல்லிவைத்தேன். அது பாட்டு இல்லை. இந்த வயசு வரைக்கும் நான் மன்னிக்காத ஒரு டீச்சர் சொல்லிக்கொடுத்த பாடம். எத்தனையோ பேரை மன்னித்திருக்கிறேன், மாமியார் உட்பட. அவளை மட்டும் முடியவில்லை. 'அவர்' என்று மரியாதையாக எழுதத்தான் பார்த்தேன், கை வரவில்லை.

அப்போது யுத்த காலம். அப்பா தெற்குச் சீமையிலிருந்து வந்து தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். வீடு மந்தைவெளியில். நான் மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் முதல் பாரம் படித்தேன், அதாவது இன்றைய ஆறாம் வகுப்பு. எங்கள் வகுப்பில் உயரப்படி உட்காரவைப்பார்கள். குட்டைப் பெண்கள் முன்னால், நெட்டைப் பெண்கள் பின்னால். நான் வகுப்பிலேயே நெட்டை. அதனால் கடைசி பெஞ்சில், சுவரோரம்.

அங்கிருந்து பார்த்தால் கரும்பலகை எனக்கு ஒரு கறுப்புத் துணி. அதில் அந்த டீச்சர் பொடிப்பொடியாகக் கணக்கு எழுதுவாள். வெள்ளையாக ஏதோ ஊர்வது தெரியும், அவ்வளவுதான். எல்லோருக்கும் அப்படித்தான் தெரிகிறது, மற்றவர்கள் கெட்டிக்காரிகள், நான் மக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறந்ததிலிருந்து மங்கலாகவே பார்க்கிறவளுக்கு, உலகம் தெளிவாக இருக்கிறது என்று யார் சொல்வார்கள்? காதால் கேட்பதையெல்லாம் பிடித்துக்கொள்வேன். சரித்திரம், செய்யுள், வாய்ப்பாடு எல்லாம் ஒரு தடவை கேட்டால் போதும். பலகையில் எழுதிப்போடுகிற கணக்கு மட்டும் வராது.

"டீச்சர், போர்டு தெரியலை" என்று ஒரு நாள் எழுந்து சொன்னேன்.

"தெரியலையா, புரியலையா? கண்ணைத் தெறந்துண்டே தூங்கினா எப்படித் தெரியும்?"

"முன்னால வந்து உக்காரட்டுமா டீச்சர்?"

"ஒட்டகம் முன்னாடி உக்காந்துண்டா பின்னாடி இருக்கறவாளுக்கு என்ன தெரியும்? ஏறி நில்லு பெஞ்சு மேலே."

வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து கணக்குப் பாடம் என்றால் நான் பெஞ்சு மேலே. பள்ளிக்கூடம் விட்டால் என் பெயர் ஒட்டகம்.

வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு டாக்டரம்மா வந்து மாணவிகளைச் சோதிப்பார். எடை, உயரம், பல், நகம், தலையில் பேன், கடைசியில் கண். எடை பார்க்கும் மெஷினை அவர் கொண்டுவருவார். கண் அட்டை பள்ளிக்கூடத்துடையது, தலைமை ஆசிரியை அறையில் ஆணியில் தொங்கும். சோதித்து முடித்ததும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு கார்டு எழுதுவார். குறை உள்ளவர்களின் வீட்டுக்குக் கடிதம் போகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் எது வந்தாலும் அது பரீட்சையாகிவிடும். எந்த வகுப்பில் குறை அதிகமோ அந்த வகுப்பு டீச்சருக்குத் தலைமை ஆசிரியையிடம் ஒரு முகச்சுளிப்பு கிடைக்கும். அதற்கு முந்தின வருஷம் அது இவளுக்குக் கிடைத்திருந்தது.

அதனால் இவள் என்ன செய்தாள் தெரியுமா? கண் அட்டையைக் கடன் வாங்கி வந்து எங்களுக்குப் பாடம் நடத்தினாள். ஏழு வரி. மேலே ஒரே ஒரு பெரிய எழுத்து, கீழே போகப்போகச் சின்னது. வாய்ப்பாட்டு ராகத்தில் அவள் முன்னால் சொல்ல, நாங்கள் பின்னால் சொன்னோம். "ட... ப ம... ய ல க..." ஒரு வாரம், தினமும் பிரார்த்தனை முடிந்ததும். "ஸ்கூல் மானம் உங்க கையில இருக்கு. ஒருத்தி தப்பு விட்டாலும் எனக்குத்தான் தலைகுனிவு" என்றாள். கண்ணை ஒப்பிக்கவைக்கலாம் என்று இந்த உலகத்தில் வேறு யாருக்காவது தோன்றியிருக்குமா? எங்களில் ஒருத்திக்கும் அது தப்பாகப் படவில்லை. பரீட்சை என்றால் மனப்பாடம். அப்படித்தான் வளர்ந்திருந்தோம்.

சொன்னேனே, காதால் கேட்டால் எனக்கு மறக்காது. இரண்டாம் நாளே ஏழு வரியும் தலைகீழாகச் சொன்னேன். சோதனை நாளன்று டாக்டரம்மா குச்சியை அட்டையில் வைப்பதற்குள் நான் அடுத்த வரிக்குப் போய்விட்டேன். "பலே, கழுகுப் பார்வை" என்று சிரித்துக்கொண்டே கார்டில் 'பார்வை நன்று' என்று எழுதினார். டீச்சர் என் முதுகில் தட்டிக்கொடுத்தாள். அந்த ஒரு தட்டுக்கு நான் எவ்வளவு பூரித்துப்போனேன் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அன்று மத்தியானமே கணக்கு வகுப்பில் அந்தக் கார்டை எடுத்து ஆட்டினாள். "கண்ணு நன்னா இருக்குன்னு டாக்டரே எழுதிக் குடுத்துட்டா. இனிமே போர்டு தெரியலைன்னு சொன்னே, தோலை உரிச்சுடுவேன்." அவள் சொல்லிக்கொடுத்த பொய்யைக் கொண்டே அவள் என்னை அடித்தாள். மக்காக இருந்தவள் அன்றிலிருந்து பொய்க்காரியும் ஆனேன்.

உண்மையைக் கண்டுபிடித்தது பள்ளிக்கூடத்து ஆயா. ஒரு நாள் காலையில் தண்ணீர்ப் பானைப் பக்கம் வெள்ளைப் புடவையில் யாரோ நிற்க, தலைமை ஆசிரியை என்று நினைத்து நான் கைகூப்பி வணக்கம் சொன்னேன். ஆயா வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"இன்னா பாப்பா, நான்னு தெரியலியா? இந்தா, இது எத்தினி வெரலு?"

"மூணு."

பத்தடி பின்னால் போனாள். "இப்போ?"

எனக்குக் கைகூடத் தெரியவில்லை.

"அடப்பாவமே! உனுக்குக் கண்ணு சரியா தெரியல, பாப்பா. பெரிய டாக்டரு வந்து இன்னாத்த பாத்துட்டுப் போனாங்க?"

அன்று சாயங்காலம் அவளே என்னோடு மந்தைவெளிக்கு நடந்து வந்து அம்மாவிடம் சொன்னாள். அம்மா அவளுக்கு மோர் கொடுத்து மரியாதையாக அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தினாள்.

"ஏட்டி, இத வெளிய மூச்சு விட்டே, கொன்னுருவேன். பொம்பளப் பிள்ளைக்குக் கண்ணாடி மாட்டுனா எவன் வந்து பொண்ணு பாப்பான்? கார்டுலதான் நல்லாருக்குன்னு போட்டிருக்குல்லா. அது போதும்."

நான் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்திருந்த அந்தக் கார்டை அம்மா சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்தாள். ஏப்ரலில் நான் கணக்கில் பெயில். அப்பா கடையிலிருந்து வந்து தாளைப் பார்த்தார். திட்டவில்லை. "இன்னும் ஒரு வருசம் பாப்போம். மறுபடி பெயிலானா படிப்பு போதும், வீட்டு வேலை பழகட்டும்" என்று அம்மாவிடம் சொன்னார். அதற்கு அர்த்தம் கல்யாணம் என்பது எனக்குத் தெரியும். பெரியப்பா மகள் அப்படித்தான் போனாள்.

ஜூன் மாதம் அதே வகுப்பு, அதே டீச்சர், அதே கடைசி பெஞ்சு. கூடப் படித்தவர்கள் மேலே போய்விட்டார்கள். புது வகுப்பு முழுக்கச் சின்னப் பெண்கள், நடுவில் ஒட்டகம். முதல் வாரமே பெஞ்சு மேல் ஏற்றினாள். அங்கே நின்றுகொண்டு நான் வேறு ஒன்றும் நினைக்கவில்லை, அவளை என்ன செய்யலாம் என்று மட்டும்தான் நினைத்தேன். நாற்காலியில் பசை தடவலாமா, குடையை ஒளித்துவைக்கலாமா என்றெல்லாம் யோசித்தேன். எதுவும் போதவில்லை.

பிறகு மறுபடியும் கண் அட்டை வகுப்புக்கு வந்தது. ஏழு வரியும் மறுபடி ராகம் போட்டுப் பாடினோம். நான் எல்லோரையும்விட உரக்கப் பாடினேன். நடுவில் எழுத்தை விட்டுவிட்ட பெண்களுக்கு நானே சொல்லிக்கொடுத்தேன். அவளுக்குப் பரம சந்தோஷம். "கணக்குல மக்கா இருந்தாலும் இதுல இவதான் ஃபர்ஸ்ட்" என்று சொல்லி, சோதனையன்று என்னையே முதல் ஆளாக நிறுத்தினாள். அதற்காகத்தானே ஒரு வாரம் தொண்டை வறளக் கத்தினேன்.

அதே டாக்டரம்மா. பக்கத்தில் தலைமை ஆசிரியை. ஜன்னலோரம் டீச்சர். என் பின்னால் வகுப்பு முழுவதும் வரிசையில்.

"ஒரு கண்ணை மூடிக்கோம்மா. மேலேருந்து படி."

வலது கையால் வலது கண்ணை மூடினேன். இடது கையால் இடது கண்ணையும் மூடினேன். ஆரம்பித்தேன். "ட... ப ம... ய ல க..." அவள் சொல்லிக்கொடுத்த அதே ராகம், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து. நாலாவது வரியில் என் பின்னால் இருந்த குட்டிப் பெண்கள் இரண்டு பேர் பழக்கதோஷத்தில் கூடவே பாட ஆரம்பித்தார்கள். ஐந்தாவது வரியில் வரிசை முழுவதும் பாடியது. ஏழாவது வரியை எல்லோருமாக முடித்தோம்.

டாக்டரம்மா என் இரண்டு கைகளையும் மெதுவாக இறக்கிவிட்டார். ஒரு காகிதத்தில் பெரிதாக ஒரு எழுத்து எழுதி, அட்டை இருந்த இடத்தில் பிடித்தார்.

"இது என்ன?"

"தெரியலைங்க."

"யாரும்மா இந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தது?"

அந்த ஒரு வாரமாக நான் காத்திருந்தது அந்தக் கேள்விக்குத்தான். கையை நீட்டி ஜன்னலைக் காட்டினேன். அப்போது பார்த்து என் துரதிர்ஷ்டம், அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. ஒரு சிவப்புப் புடவை தெரிந்தது, அதற்கு மேலே மங்கலாக ஏதோ ஒன்று. அழுகிறாளா, முறைக்கிறாளா, வெளுத்துப்போயிருக்கிறாளா, ஒன்றும் தெரியவில்லை. விருந்து முழுக்கப் பரிமாறிவிட்டு வாயைக் கட்டிப்போட்டது மாதிரி இருந்தது. கண்ணாடி வேண்டும் என்று நான் வாழ்க்கையில் முதன்முதலாக ஆசைப்பட்டது அந்த நிமிஷத்தில்தான். படிப்புக்காக என்று சொன்னால் பொய்.

டாக்டரம்மா புது எழுத்துகள் எழுதிவைத்துக்கொண்டு வகுப்பு முழுவதையும் மறுபடி சோதித்தார். என்னோடு சேர்த்து ஒன்பது பேருக்குக் கண் சரியில்லை. ஒன்பது அம்மாக்களையும் பள்ளிக்கூடத்துக்கு வரவழைத்தார். அம்மா வந்து அதே கல்யாணப் புராணத்தை மெல்ல ஆரம்பித்தாள். டாக்டரம்மா தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்து, தாலிக்கொடியையும் எடுத்துக் காட்டினார். "என்னையும் ஒருத்தர் கட்டிக்கிட்டிருக்காரும்மா. மூணு குழந்தை" என்றார். அம்மா கண்ணாடிக்கான சீட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். ஆயா வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததாக அப்புறம் சொன்னார்கள்.

அப்பா என்னை மவுண்ட் ரோடுக்கு டிராமில் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கிக்கொடுத்தார். வட்டமான கண்ணாடி, காதைக் கடிக்கும் கம்பி. வருகிற வழியில் மயிலாப்பூர் கோபுரத்தில் பொம்மைகள் இருப்பதைப் பார்த்தேன். எல்லோரும் சொல்லக் கேட்டிருக்கிறேன், சும்மா கதை விடுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். அப்பா அவற்றை எனக்கு விரலால் காட்டிக்கொண்டே வந்தார்.

மறுநாள் கணக்கு வகுப்பு. டீச்சர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலைமை ஆசிரியை அறையில் அவளுக்கு என்ன கிடைத்ததோ, பலகையைப் பார்த்தபடியே எழுதினாள், பலகையைப் பார்த்தபடியே பேசினாள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். இவ்வளவுதானா கணக்கு? இதற்காகவா நான் ஒரு வருஷம் நின்றேன்? பார்த்துக்கொண்டே வந்தவள் மூன்றாவது வரியில் நின்றேன். கையைத் தூக்கினேன்.

"டீச்சர், மூணாவது வரியில கூட்டல் தப்பு. ஏழு வரணும், ஒண்ணு போட்டிருக்கீங்க."

அவள் திரும்பினாள். இந்தத் தடவை முகம் நன்றாகவே தெரிந்தது. அம்மைத் தழும்பு தெரிந்தது, உதடு துடிப்பது தெரிந்தது, கழுத்திலிருந்து சிவப்பு ஏறுவது தெரிந்தது. நான் அவசரப்படாமல் பார்த்தேன்.

"அதிகப்பிரசங்கி! ஏறி நில்லு பெஞ்சு மேலே!"

ஏறினேன். அங்கிருந்து இன்னும் நன்றாகத் தெரிந்தது.

"கடைசி வரியிலயும் ஒரு தப்பு இருக்கு, டீச்சர்" என்றேன்.