இரண்டாவது கியரில் கிளம்பும் எங்கள் பென்ஸ்

இன்று காலை குளத்தூரிலிருந்து ஒரு புரோக்கர் எங்கள் பழைய பென்ஸ் காரை விலைக்குக் கேட்டு வந்தார். காலமான என் வீட்டுக்காரர் ஆசையாக வைத்திருந்த ஜெர்மன் வண்டி, ஆட்டோமேட்டிக் கியர்.

தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கியர்பாக்ஸ் போச்சு ஆத்தா. ஒண்ணாவது கியரே விழல, ரெண்டுலதான் கெளம்புது. இரும்பு வெலைக்குத்தான் போகும்."

என் மகன் முகம் தொங்கிப்போனது. "குடுத்துருவமாம்மா?" என்றான்.

எனக்குச் சந்தேகம். இந்தப் புரோக்கருடைய அப்பா எங்கள் பம்புசெட் மோட்டாரைச் செத்துப்போச்சு என்று சொல்லி வாங்கிப்போய், தன் வயலில் ஓட்டியவர். நான் மறக்கவில்லை.

"தம்பி, இது வாங்குன நாள்லேருந்தே ரெண்டுலதான் கெளம்பும். ஆக்சிலேட்டரத் தரையோட மிதிச்சாத்தான் ஒண்ணு விழும். மிதிச்சீங்களா?"

"இதெல்லாம் ஒங்களுக்கு எப்படி ஆத்தா தெரியும்?"

"இருவது வருசம் பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கேன்ல."

மகனை மிதிக்கச் சொன்னேன். வண்டி துள்ளிப் பாய்ந்தது.

"அப்ப வெலையப் பேசுவமா?" என்றார் புரோக்கர், கூச்சமே இல்லாமல்.

"ஒங்கப்பாகிட்ட எங்க மோட்டார வாங்கிட்டு வாங்க, பேசுவோம்" என்றேன்.

குளத்தூர்ப் பக்கம் வேறு யார் வண்டிக்காவது இந்த மாதம் திடீரென்று கியர்பாக்ஸ் போயிருந்தால், இங்கே எழுதுங்கள்.