விரதக்காரியின் நண்டுச் சௌடர்

எனக்கு வாய் கொஞ்சம் கூட. நான் அஜக்ஸில் என் வீட்டிலிருந்து புறப்பட்டுவிட்டேன் என்று தெரிந்தாலே, பக்கத்து ஊரான ரூஜில் அண்ணை வீட்டில் ஆளுக்கொரு அறைக்குள் போய்விடுவார்கள். அண்ணி அருள்நாயகி மட்டும் கதவைத் திறந்து, "வா கனகம்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குத் திரும்புவார். நான் என்ன குற்றம் சொன்னாலும் பதில் வராது. முப்பது வருஷமாக அப்படித்தான். சண்டைக்கு வராத ஆளோடு எவ்வளவு நேரம்தான் சண்டை பிடிப்பது? அலுத்துப்போகும்.

கோணேஸ்வரன் அண்ணைக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் ஒன்றாகப் போன அன்று, நான் தலையில் அடித்து அழுதேன். அவர்களுடைய மகன் ராகுலன் அழுதான். அண்ணி அழவில்லை, அடுப்பைத் துடைத்துக்கொண்டு நின்றார். கல்நெஞ்சுக்காரி என்று அவர் காதுபடவே சொன்னேன். அவர் துணியை அலசிவிட்டுத் திரும்பவும் துடைத்தார்.

கையும் பேச்சும் போனதைவிடப் பெரிய சனியன் பிறகுதான் வந்தது. அண்ணைக்கு விழுங்கத் தெரியாமல் போய்விட்டது. ஒரு வாய் தண்ணீர் கொடுத்தாலும் அது வயிற்றுக்குப் போகாமல் சுவாசப்பைக்குப் போகும். ஆஸ்பத்திரியில் விழுங்கப் பழக்குவதற்கென்றே நிலாணி என்று ஒரு பிள்ளை இருந்தாள், இங்கே பிறந்து வளர்ந்த நம்முடைய பிள்ளை. "அன்ரி, யோகட் மாதிரித் தடிப்பா இருக்கவேணும். கட்டி, முள்ளு, நார் ஒண்டும் இருக்கக்கூடாது. தண்ணியா ஓடவும் கூடாது. இப்பிடிச் சாப்பிட்டு உடம்பு வெயிற் ஏறினா ஓகே. ஏறாட்டி வயித்தில ஓட்டை போட்டு ரியூப் வைக்கத்தான் வேணும்" என்று அண்ணியிடம் சொல்லி அனுப்பினாள்.

ரியூப் வைத்தபின் வாயால் சாப்பிடத் திரும்பியவர்கள் உண்டுதான். ஆனால் அண்ணையின் கண்ணைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது வயிற்றுக்குள் போகும் நாளோடு மனுஷன் தன்னைக் கைவிட்டுவிடுவார் என்று. அண்ணிக்கும் தெரிந்திருந்தது.

ஆனால் அண்ணை வாயைத் திறந்தால்தானே? ரின்னில் அடைத்துக் கடையில் விற்கிற மசியலுக்குத் திறக்கவில்லை. அண்ணி அரைத்துக் கொடுத்த பருப்புக்கும் பூசணிக்கும் திறக்கவில்லை. சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தார். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்தது.

கடைசியில் கண்டுபிடித்தது அண்ணிதான். அண்ணை டவுண்டவுனில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் இருபது வருஷத்துக்கு மேல் சமையல் வேலை செய்தவர். அங்கே பெரிய பானைகளில் சௌடர் காய்ச்சுவதுதான் அவருடைய பிரதான வேலை. பாலும் கிறீமும் உருளைக்கிழங்கும் மீனும் போட்ட தடித்த சூப். வீட்டுக்கு வந்து அதைப் பற்றி ஆசையாகச் சொல்லுவார். "வெள்ளைக்காரன்ர பால்கஞ்சியை அங்கேயே வச்சிட்டு வாங்கோ" என்று நாங்கள் எல்லோரும் சிரிப்போம். அண்ணி ஒருநாளும் அதை வாயில் வைத்துப் பார்த்தவர் அல்ல. இப்போது அந்த அண்ணி ஃபோனில் வீடியோவைப் போட்டுவைத்து, பட்டரை உருக்கி, மாவைச் சிவக்கவிடாமல் வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுத் துழாவிக்கொண்டு நின்றார். வாசனை அறைக்குள் போனதும் அண்ணை சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

நல்லது என்று நினைத்தோம். பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்? அண்ணி சட்டியை இறக்கிவைத்து, தேங்காய்ப்பால் சொதிக்கு விடுகிற பழக்கத்தில், அரைத் தேசிக்காயைப் புளிப்புக்குப் பிழிந்து விட்டுவிட்டார். தேங்காய்ப்பால் அதைத் தாங்கும். மாட்டுப்பால் தாங்குமா? கொஞ்ச நேரத்தில் அடியில் திரைந்து, கட்டி ஒரு பக்கம், பச்சைத் தண்ணீர் ஒரு பக்கம். மேலாகப் பார்த்தபோது தெரியவில்லை, அப்படியே ஊட்டிவிட்டார். அந்தத் தண்ணீர் அண்ணையின் தொண்டையில் பிழையான பக்கம் இறங்க, அவர் இருமின இருமலில் கண் இரண்டும் வெளியே வந்துவிடும்போல் இருந்தது. உதடு நீலம் பாரித்தது. ராகுலன் அவரை முன்னுக்குக் குனியவைத்துப் பிடித்திருக்க, அண்ணி தரையில் இருந்துவிட்டார்.

"ருசி பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்குமே அண்ணி! நாக்கில வைக்காமல் ஒருத்தி சமைப்பாளோ?" என்று கத்தினேன்.

"நான் விரதமெல்லே கனகம்" என்றார்.

கௌரி விரதம். புருஷனுடைய ஆயுளுக்காகப் பெண்கள் இருபத்தொரு நாள் பிடிப்பது. பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர், பின்னேரம் ஒருநேரச் சைவச் சாப்பாடு. கடைசி நாள் கோயிலில் ஐயர் இடது கையில் காப்பு நூல் கட்டிவிடுவார். கலியாணம் கட்டிய வருஷத்திலிருந்து அண்ணி ஒரு வருஷமும் விட்டதில்லை. மீன் சட்டியைத் துழாவலாம், வாயில் வைக்கக்கூடாது. வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி அவருக்காக விரதம் பிடித்தவர், அந்த விரதத்தாலேயே அவரை மூச்சடைக்க வைத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முப்பது வருஷம் பிடிச்சீங்கள், பக்கவாதம் நிண்டதோ?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாதுதான். கேட்டுவிட்டேன்.

அதன்பிறகு ராகுலன்தான் ருசி பார்த்தான். எனக்கு அந்தச் சாமான்கள் சரிவராது, இறாலோ நண்டோ நாக்கில் பட்டாலே உதடு தோசைபோல வீங்கும். அண்ணி சமைத்து, பிளெண்டரில் அடித்து, வடியில் வடித்து வைப்பார். ராகுலன் வேலையால் வந்து கரண்டி கரண்டியாக எடுத்து, நாக்கை மேலண்ணத்தில் அழுத்திப் பார்த்து, "சரி அம்மா" என்பான். அப்புறம்தான் அண்ணைக்குக் கொடுப்பது. கொட் மீன் போட்டால் நாலு கரண்டி இறங்கும். இறால் போட்டால் ஆறு. நண்டு போட்ட அன்று கோப்பை முழுக்க இறங்கியது. அதற்குப் பிறகு நண்டு இல்லாவிட்டால் வாய் பூட்டு. வியாதியிலும் மனுஷனுக்கு என்ன ருசி பாருங்கள்.

விரதம் முடிய ஒரு நாள் இருந்தது. காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன். அடுத்த கிழமைக்கு இருந்த அப்பொயின்மென்ரை அன்றைக்கு மத்தியானமே மாற்றிவிட்டார்கள். வீட்டில் சாப்பிடுவதையே கொண்டுவரச் சொன்னாள் நிலாணி. அண்ணை விழுங்குவதைப் பார்த்து, நிறுத்துப் பார்த்து, ரியூப் விஷயத்தை அன்றைக்கே முடிவு செய்வார்களாம். லொறி ஓட்டுகிற ராகுலன் தூரத்தில் கிங்ஸ்ரன் பக்கம் போயிருந்தான். நான் விழுந்தடித்துக்கொண்டு நானூற்றொன்று நெடுஞ்சாலையில் ஓடி வந்தேன்.

அண்ணி நண்டை அவித்து, சதையைக் கிள்ளி எடுத்து, அரைத்து, வடித்து, பிளாஸ்கில் ஊற்றி மூடியைத் திருகினார். அண்ணையை உடுத்திச் சக்கர நாற்காலியில் இருத்தி, வாசலுக்குக் கொண்டுவந்தாயிற்று. நான் கார்ச் சாவியோடு நின்றேன். அண்ணி கோட்டைப் போட்டு, ஒரு கால் பூட்ஸுக்குள் விட்டவர், அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன அண்ணி? நேரம் போகுது."

"இதை ஒருத்தரும் வாயில வைச்சுப் பாக்கேல்லை."

"வடிச்சனீங்கள்தானே?"

"வடி சொல்லாது கனகம். நாக்குத்தான் சொல்லும்."

பூட்ஸைக் கழற்றினார். குசினிக்குத் திரும்பிப் போய்ப் பிளாஸ்கைத் திறந்து, சௌடரைத் திரும்பவும் சட்டியில் ஊற்றினார். ஒரு கரண்டி எடுத்தார். அதைத் தன் வாய்ப்பக்கம் கொண்டுபோனார். எனக்கு விளங்கிவிட்டது. இத்தனை நாளும் அந்த விரதத்தைத் திட்டித் தீர்த்த நான், ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"வேண்டாம் அண்ணி. நாளைக்குக் காப்பு. இவ்வளவு நாள் பிடிச்சுப்போட்டு... அண்ணைக்கு ஏதும் ஆகிட்டா?"

எனக்கே வெட்கமாக இருந்தது. நம்பிக்கை இல்லை என்று வாய்கிழியப் பேசியவள் நான்தானே.

அண்ணி என் கையை மெதுவாக எடுத்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு கரண்டியை வாயில் வைத்தார். விழுங்கவில்லை. நாக்கால் மேலண்ணத்தில் அழுத்தி அழுத்திப் பார்த்தார். ஒன்றும் இல்லை. துப்பிவிட்டு இரண்டாவது கரண்டி. ஒன்றும் இல்லை. வாசலில் அண்ணை நாற்காலியில் இருந்தபடி கழுத்தைத் திருப்பி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்த கரண்டியில் அண்ணியின் முகம் மாறியது. இரண்டு விரலை வாய்க்குள் விட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

நண்டு ஓட்டின் சிராய். வெட்டிய நகத்தைப்போல மெல்லிசு, கண்ணாடிபோலத் தெளிவு. நெடுக்குவாட்டில் வடிக் கண்ணுக்குள்ளால் இறங்கியிருக்கிறது. அது அண்ணையின் தொண்டையில் நின்றிருந்தால்?  

 அண்ணி அலுமாரியிலிருந்து அண்ணையின் பட்டுக்கரை வேட்டியை எடுத்துவந்தார். ராகுலனின் கலியாணத்துக்கென்று வாங்கி மடிப்புக் கலையாமல் வைத்திருந்தது. ஒரு தலைப்பைக் கிழித்து, வேறொரு சட்டி வாயில் கட்டி, அவ்வளவையும் அதற்குள்ளால் பிழிந்து வடித்தார். திரும்பவும் கரண்டி எடுத்தார்.

"இன்னும் பாக்கப்போறீங்களோ?"

"தலைக்கு மேல வெள்ளம் போயிட்டுது. இனிச் சாணென்ன, முழமென்ன."

பார்த்தார். துணியில் இன்னொரு சிராய் மாட்டிக்கிடந்தது. சௌடரில் இல்லை. மறுபடியும் ஒருமுறை வடித்து, மறுபடியும் பார்த்து, சூடாக்கிப் பிளாஸ்கில் ஊற்றினார். காரில் போகும்போது பின்சீற்றில் அவர் அழுவது கேட்டது. பக்கவாதம் வந்த அன்று வராத அழுகை.

ஆஸ்பத்திரியில் நிலாணி அண்ணையின் தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, "ரெடி அங்கிள்" என்றாள். அண்ணி கரண்டியை நீட்டினார். "இஞ்சாருங்கோ, ஆ எண்டுங்கோ."

அண்ணை வாயைத் திறக்கவில்லை.

"நண்டுதான் போட்டிருக்கு. உங்கட சௌடர்."

பூட்டுப் போட்டதுபோல இருந்தார். நிலாணி பொறுத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ரியூப் தெரிந்தது. அண்ணி கரண்டியைப் பிடித்தபடி, "நான் விரதத்தைக் குழப்பினதுக்குத்தான். அம்மாளாச்சி கணக்குக் கேட்டுப்போட்டா" என்று முணுமுணுத்தார்.

அப்போது அண்ணையின் இடது கை எழும்பியது. அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்தது. கரண்டியை அண்ணியின் வாய்ப்பக்கம் தள்ளியது. அண்ணிக்கு விளங்கவில்லை, விலக்கிக்கொண்டு திரும்ப அவர் வாய்க்குக் கொண்டுபோனார். அவர் திரும்பவும் தள்ளினார். பிடியை விடவில்லை.

"உங்களைச் சாப்பிடட்டாம் அண்ணி" என்றேன்.  "வீட்டில நீங்கள் ருசி பாத்ததை அவர் பாத்துக்கொண்டுதான் இருந்தவர்."

அண்ணி ஒரு கரண்டி சாப்பிட்டார். இந்த முறை விழுங்கினார். அண்ணை அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாயைத் திறந்தார். நிலாணி வேறு கரண்டி எடுத்துக் கொடுத்தாள். தொண்டை ஏறி இறங்கியது. இருமல் வரவில்லை. நாங்கள் மூவரும் மூச்சை விட்டோம். அடுத்த கரண்டிக்கு மறுபடியும் வாய் பூட்டு, அண்ணி சாப்பிடும்வரை. அவருக்கொன்று இவருக்கொன்றாகப் பிளாஸ்க் முடிந்தது. நிறுவையிலும் கொஞ்சம் ஏறியிருந்தது. "ரியூப் இப்ப வேண்டாம் அங்கிள். இப்பிடியே சாப்பிடுங்கோ. அன்ரியும்" என்றாள் நிலாணி.

மறுநாள் அண்ணி காப்புக் கட்டப் போகவில்லை. போன வருஷத்து நூல் வெளுத்துப்போய் அவர் கையில் கிடந்தது. அதை அவிழ்க்கவும் இல்லை. ஒவ்வொரு கரண்டிக்கும் அண்ணையின் தொண்டையைப் பயந்து பயந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாளும் நடக்கவில்லை.

இந்த வருஷமும் கௌரி விரதம் வந்தது. அண்ணி முதல்நாள் முழுகிவிட்டு, சௌடரோடு அண்ணைக்கு முன்னால் இருந்து, "இண்டைக்கு விரதம், நீங்கள் மட்டும் சாப்பிடுங்கோ" என்று கெஞ்சிப் பார்த்திருக்கிறார். மனுஷன் அசையவில்லை. மத்தியானம் ஆறி ஆடை படரும்வரை சௌடர் அப்படியே இருந்ததாம். கடைசியில் அண்ணிதான் கரண்டியை எடுத்தார்.

காப்பு அன்று நான் கோயிலுக்குப் போனேன். வரிசையில் நின்ற ஒரு மனுஷி, "எங்கை அருள்நாயகி? விரதத்தை விட்டிட்டாவோ?" என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டாள். முந்திய கனகம் என்றால் அவளோடு சேர்ந்து நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன்.

"விடேல்லை" என்றேன். "சாப்பிட்டுக்கொண்டு பிடிக்கிறா."