ஒன்பதாவது பாட்டுக்குத் தொண்ணூற்றெட்டு மதிப்பெண்

நான் முதன்முதலாக எழுதிய நாட்குறிப்பு ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் நாள் கிடையாது, குறிப்பும் அதிகம் கிடையாது. மதிப்பெண்கள்தான் இருந்தன. ஐந்தாம் வகுப்பில் டீச்சர் எங்களுக்குப் போட்ட மதிப்பெண்ணை நான் உலகத்துக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவின் புளிக்குழம்புக்கு எழுபது. நிறுத்தம் தாண்டி இறக்கிவிட்ட டவுன் பஸ் கண்டக்டருக்கு முப்பத்தைந்து. நோட்டின் நடுவில் இரண்டு பக்கம் முழுக்கப் பாட்டுகள். மொத்தம் பதினொன்று. எல்லாமே நியூயார்க் நகரத்தில் பிராட்வே என்ற தெருவில் இருக்கும் நாடக அரங்குகளில் பாடப்பட்டவை. மெட்ராஸிலும் அந்தப் பெயரில் ஒரு தெரு உண்டு. இது அதுவல்ல.

அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நினைவை மட்டும் நம்பினால் கூட்டிச் சொல்லிவிடுவேன் என்று எனக்குப் பயம்.

பாட்டுகள் எங்கள் வீட்டுக்கு அத்தையால் வந்தன. அத்தை அப்பாவின் ஒரே தங்கை. தாத்தா இறந்த பிறகு எங்களோடு இருந்து, திண்டுக்கல்லிலேயே கல்லூரியில் ஆங்கிலம் படித்தாள். அவளுக்குப் பாடம் நடத்திய வயதான அமெரிக்க சிஸ்டர் ஒருவர் தன் நாட்டுக்குத் திரும்பும்போது சொத்தையெல்லாம் மாணவிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். ஒருத்திக்குக் குடை. ஒருத்திக்கு அகராதி. அத்தைக்கு ஒரு கேசட். சிஸ்டர் தன் இளமையில் கேட்ட நாடகப் பாட்டுகளில் பிடித்தவற்றை மட்டும் பொறுக்கிப் பதிந்து வைத்திருந்தது. அட்டையில் சாய்ந்த கோர்வை எழுத்தில் நாடகப் பாட்டுகள் என்றே எழுதியும் இருந்தார். அந்தக் கையெழுத்தை எங்கள் வீட்டில் அத்தை ஒருத்தியால்தான் படிக்க முடியும்.

அப்பா தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். சரக்கைத் தரம் பிரிக்கத் தேவையான ஆங்கிலம் மட்டும் அவருக்குத் தெரியும். கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சிஸ்டர் குடுத்ததுன்னா சாமிப் பாட்டாத்தான இருக்கும்?” என்றார்.

அத்தை ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கேசட், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டது.

அடுத்த மாதம் தவக்காலம் வந்தது. எங்கள் வீட்டில் அந்த நாற்பது நாளும் கறி இல்லை, சினிமாப் பாட்டு இல்லை. ரேடியோவை அம்மா துணி போட்டு மூடிவிடுவாள். அந்த வருஷம் மட்டும் மாலை ஜெபம் முடிந்ததும் இந்தக் கேசட்டுக்கு அனுமதி கிடைத்தது. இரண்டு திருடர்கள் மேயர் வீட்டு வெள்ளித்தட்டுகளைப் பங்கு பிரிக்கும் நாலாவது பாட்டை அப்பா கைகட்டி, தலை குனிந்து கேட்டார். “கொரல்ல என்னா ஒரு பக்தி பாரு” என்றார். அத்தை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு எழுந்து போனாள்.

பாட்டுகளின் கதைகளை அத்தை எனக்கு மட்டும் மொட்டைமாடியில் சொன்னாள். எதிரே மலைக்கோட்டையின் பாறை வெயிலில் வெளுத்துக் கிடக்கும். நாங்கள் துணி உலர்த்தும் சாக்கில் நியூயார்க்கில் இருப்போம். அவள் சொன்னதில் ஒன்று என்னை உலுக்கிவிட்டது. அங்கே நடிக்கிறவர்களே பாடுவார்களாம்.

“பின்னணி?” என்று கேட்டேன்.

“கெடையாது. அவங்களே ஆடி, அவங்களே பாடணும். ஆயிரம் பேர் எதிர்ல ஒக்காந்திருப்பாங்க. தொண்ட கட்டிக்கிச்சுன்னா கட்டிக்கிட்டதுதான்.”

“தப்பாப் பாடிட்டா?”

“பாடுனது பாடுனதுதான். திரும்ப எடுக்க முடியாது, குட்டி.”

அதற்குப் பிறகு நான் கேசட்டை வேறு மாதிரி கேட்டேன். ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்துக்கொள்வேன். ஒன்பதாவது பாட்டு தொடங்குமுன் யாரோ ஒருவர் இருமுவார். ஆண் குரல். இருமல் இரண்டு தரம். அந்த மனிதர் யார், இருமல் சரியாயிற்றா, தன் இருமல் திண்டுக்கல்லில் கேட்பது அவருக்குத் தெரியுமா என்றெல்லாம் யோசித்திருக்கிறேன். பிறகு பியானோ நாலு தட்டு. பிறகு அந்தப் பெண். பேசுவது போலத் தொடங்குவாள், பக்கத்து வீட்டில் எதையோ இரவல் கேட்பது போல. கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் எழும். கடைசி வரியில் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டாள். நானும் மூச்சை அடக்கிப் பார்ப்பேன். ஒரு முறைகூட என்னால் அவளோடு கடைசிவரை போக முடிந்ததில்லை. அவள் நிறுத்தியதும் ஒரு நொடி ஒன்றுமே கேட்காது. அப்புறம் மழை கொட்டுவது போலக் கைதட்டல்.

“இதுல என்ன நடக்குது?” என்று கேட்டதற்கு அத்தை, “துறைமுகத்துல ஒரு பொண்ணு ஒருத்தர்கிட்ட ஒதவி கேக்குறா” என்று மட்டும் சொன்னாள். நான் தொண்ணூற்றெட்டு போட்டேன். பதினொன்றில் அதுதான் முதல் இடம்.

ஜூன் மாதத்தில் அத்தைக்கு இரண்டு விஷயங்கள் ஒன்றாக வந்தன. மெட்ராஸில் ஒரு கல்லூரியில் எம்.ஏ. படிக்க இடம் கிடைத்ததாகக் கடிதம். நிலக்கோட்டையிலிருந்து ஒரு சம்பந்தம். சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் உபதேசியார். வெளிநாட்டுச் சாமியார்களுக்குப் பல வருஷம் உதவியாளராக இருந்து, அவர்கள் கைப்பட எழுதிய இங்கிலீஷ் கடிதங்களைப் படித்துப் பழகியவர். மாப்பிள்ளையின் அப்பா பூ மண்டி வைத்திருந்தார். மாப்பிள்ளைக்கு மதுரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை, வெளியூர் டிரங்க் கால்களை இணைப்பது. அத்தை ஏற்கெனவே இரண்டு மாப்பிள்ளைகளை வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். அப்பாவுக்கு அதில் பெரிய மனவருத்தம்.

“இந்தா பாரு, ரெண்டு தடவ ஒன் இஷ்டத்துக்கு விட்டாச்சு. இந்தத் தடவ நீ வாயத் தெறக்கக் கூடாது. அவுக சரின்னா கல்யாணம். அவுக வேணாம்னா மெட்ராஸுக்குப் போ, நான் குறுக்க நிக்கல.”

“அண்ணே...”

“வாயத் தெறக்காதன்னேன்ல?”

கடிதத்தைப் பற்றி மாப்பிள்ளை வீட்டாரிடம் யாரும் மூச்சு விடக் கூடாது என்றும் உத்தரவு. படிப்பு ஆசை இருக்கும் பெண் என்று தெரிந்தால் யோசிப்பார்களாம்.

நான் யார் பக்கம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் கல்யாணத்தின் பக்கம். மதுரை என்றால் ஒன்றரை மணி நேரத்தில் அத்தையைப் பார்த்துவிடலாம். மெட்ராஸ் என்றால் லீவுக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு இருபதுக்கு அவர்கள் வந்தார்கள். நோட்டில் மணி போட்டிருக்கிறேன். காலையில் மதுரைக்குப் பூ ஏற்றிப் போன வேனையே கழுவி எடுத்து வந்திருந்ததால், எல்லோரும் இறங்கும்போது தெருவே மல்லிகை வாசம் அடித்தது. மாப்பிள்ளை மெலிந்த மனிதர். அத்தையைவிட இரண்டு விரற்கடை குள்ளம். என்னைப் பார்த்துச் சிரித்தார். எண்பது போட்டேன்.

கேசரி, மிக்சர், சிறுமலை வாழைப்பழம் எல்லாம் ஆனது. அத்தை காபி கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். மாப்பிள்ளையின் அப்பா வேட்டியை இழுத்து விட்டுக்கொண்டு, “ஆத்தா, செத்த நேரம் ஒரு கோயில் பாட்டுப் பாடு, கேப்போம். எங்க வீட்ல ராத்திரி ஜெபத்துக்குப் பாட ஆளில்ல” என்றார்.

அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா, வாயைத் திறக்கலாம் என்பது போல் தலையசைத்தார்.

அத்தை என் பக்கம் திரும்பினாள். “எத பாடட்டும், குட்டி?”

என்னை ஒருவர் அபிப்பிராயம் கேட்டு, ஒன்பது பேர் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. நான் நோட்டைப் புரட்டவே இல்லை. “ஒம்போதாவது” என்றேன்.

“ஆமாங்க, இங்கிலீசுப் பாட்டு. சிஸ்டர் சொல்லிக் குடுத்தது” என்று அப்பா பெருமையாகச் சொன்னார். மாப்பிள்ளையின் அப்பா உடனே நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். எல்லோரும் மூடிக்கொண்டார்கள். அதே நேரம் கரண்ட் போய், மின்விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. அந்த நிசப்தத்தில் நான் அனிச்சையாக அந்த இருமலுக்குக் காத்திருந்தேன்.

அத்தை பாடினாள்.

அதுவரை அவள் முணுமுணுத்துத்தான் கேட்டிருக்கிறேன். இது அது இல்லை. இரவல் கேட்பது போலத் தொடங்கினாள். தரையைப் பார்த்துத் தொடங்கியவள் இரண்டாவது வரியில் தலையை நிமிர்த்தினாள். பியானோ இல்லை, பின்னணி இல்லை, தவறினால் திரும்ப எடுக்க முடியாது. எங்கள் எட்டுக்குப் பத்து முன்னறையில், காலண்டருக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில், காபி டம்ளர்கள் கிடந்த ஸ்டூலுக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். ஆனால் குரல் அந்த அறைக்குள் இருக்கவில்லை. வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி எங்கோ போய்க்கொண்டிருந்தது. வேன் டிரைவர் ஜன்னலில் வந்து நின்றார். கடைசி வரியில் அந்தச் சுரத்தைப் பிடித்தாள். நான் மூச்சைப் பிடித்தேன். எனக்கு மூச்சு முட்டி விட்ட பிறகும் அத்தை விடவில்லை. அவள் கழுத்து நரம்பு தெரிந்தது. இந்தப் பெண்தான் எனக்குத் தினமும் சடை பின்னி விடுகிறாள் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

முடித்ததும் ஒரு நொடி ஒன்றுமே கேட்கவில்லை, கேசட்டில் போலவே. நான் கைதட்டலுக்குக் காத்திருந்தேன். மாப்பிள்ளையின் அப்பா கண்ணைத் திறக்காமலே சிலுவை அடையாளம் போட்டு, “ஆமென்” என்றார். எல்லோரும் “ஆமென்” என்றார்கள்.

ஒருவர் சொல்லவில்லை. மாப்பிள்ளை பாட்டு முழுக்கக் கண்ணைத் திறந்தேதான் வைத்திருந்தார்.

பெரியவர்கள் கோயிலில் கல்யாண ஓலை எழுதும் தேதியைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் அவர் எழுந்து என்னிடம் வந்தார்.

“பாப்பா, இந்தப் பாட்டுக்கு நீ எவ்வளவு மார்க் போட்டிருக்க?” நோட்டை அவர் கவனித்திருக்கிறார்.

“தொண்ணூத்தெட்டு.”

“நூறு போடக் கூடாதா?”

“நூறு யாருக்கும் கெடையாது.”

“சரிதான்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “பாட்டுல வர்ற பொண்ணுக்கு வியாழக்கெழம கப்பல். ஒங்க அத்தைக்கு எப்ப?” என்றார்.

கேட்ட விதம் அவ்வளவு சாதாரணமாக இருந்தது. “அடுத்த திங்கக்கெழம. கப்பல் இல்ல, ரயிலு. மெட்ராஸுல படிக்க எடம் கெடச்சிருக்கு. யார்ட்டயும் சொல்லிறாதீங்க” என்றேன்.

“சொல்லல” என்றார்.

விடைபெறும் முன் எல்லோரும் மாதா சுரூபத்தின் முன் நின்று ஜெபம் சொல்வது வழக்கம். உபதேசியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எழுந்தார். அவருக்கு முன்னால் மாப்பிள்ளை போனார். சுரூபத்தின் பக்கத்தில் இருந்த கேசட்டை எடுத்தார், அட்டையைப் படித்தார், அப்படியே கவிழ்த்து வைத்தார். கையைக் கட்டிக்கொண்டு ஜெபத்துக்கு நின்றார்.

மூன்றாம் நாள் உபதேசியார் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். “பையன் ஒத்துக்கல. பொண்ணு ஒயரம் பத்தலையாம்.”

“எது, ஒயரமா?” அப்பாவுக்குக் கோபத்தில் மூச்சு வாங்கியது. “இவனே என் தங்கச்சி தோளுக்குத்தான் வருவான். இவன் என்ன பனமரத்துக்கா தாலி கட்டப்போறான்?”

“அதான் எனக்கும் வெளங்கல. வேற காரணம் சொல்லுய்யான்னு அவங்கப்பா அடிக்காத கொறதான். மாத்த மாட்டேங்குறான்.”

அப்பா அத்தையிடம், “நீ கெளம்புத்தா. படி. படிச்சு இவனுகளவிடப் பெரிய ஆளா வா” என்றார். ஆத்திரத்தில் சொன்னதுதான். ஆனாலும் சொல்லிவிட்டார். அத்தை சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, பென்சிலைக் கேசட்டின் ஓட்டைக்குள் விட்டு நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நாடா தளர்ந்திருக்கவே இல்லை. அவள் தோள் குலுங்கியது. குள்ள மாப்பிள்ளைகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டதற்கு அழுகிறாள் என்று நினைத்து, போய்க் கட்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை ரயில் ஏற்றிவிட்டோம். மெட்ராஸில் படித்து, அங்கேயே பேராசிரியையாகி, போன வருஷம்தான் ஓய்வு பெற்றாள்.

கேசட்டை எனக்கே விட்டுப் போயிருந்தாள். கல்லூரியில் சேர்ந்த பிறகு ஒரு நாள், நிறுத்தி நிறுத்தி, ஒன்பதாவது பாட்டை வரி வரியாக எழுதி எடுத்தேன். துறைமுகத்தில் அந்தப் பெண் பேசுவது அவளுக்கு நிச்சயிக்கப் பார்க்கும் மனிதரிடம். உங்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் வியாழக்கிழமை என் கப்பல், நான் மறுத்தால் என்னை விடமாட்டார்கள், நீங்கள் நல்லவர் என்றால் வேண்டாம் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள் என்கிறாள். ஒவ்வொரு சுற்றிலும் இதையேதான் கேட்கிறாள், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உயரத்தில். அந்த அறையில் எட்டுப் பேர் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தபோது, நாளெல்லாம் இரைச்சலுக்கு நடுவில் தூரத்துக் குரல்களைப் பிடித்துப் பழகிய ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

இவை எனக்குத் தெரிய எட்டு வருஷம் ஆனது. நோட்டில் அன்றைக்கு எழுதியதை நான் திருத்தவில்லை. எழுதியதை அடிப்பது என் வழக்கம் இல்லை. பென்சிலில், அழுத்தி எழுதியிருக்கிறேன்:

“மாப்பிள்ளை. கேட்காமல் நம் கேசட்டைத் தொட்டார். கவிழ்த்து வைத்தார். ஆமென் சொல்லவில்லை. பாட்டே புரியாத ஆள். எண்பது ரத்து. பூஜ்யம்.”