துளை போடாமல் பார்த்த கட்டி

2014 ஜூன் 11, புதன்கிழமை, காலை ஆறு நாற்பது. மேகமில்லை, மேற்குக் காற்றில் கொஞ்சம் புழுதி. நெய்வேலியில் மகனுக்குக் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று பாலுக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன். வலது கட்டைவிரல் தானாகத் துடித்தது. பிறகு மணிக்கட்டு வரை துடித்தது. மனைவியைக் கூப்பிட வாயைத் திறந்தேன், சொல் வரவில்லை. இரண்டு நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. அது வலிப்பு என்று எனக்கு அப்போது தெரியாது.

புதுச்சேரியில் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் இடப்பக்கம் பதினெட்டு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வளையம் இருந்தது. புற்றுக்கட்டியும் அப்படித் தெரியும், சீழ்க்கட்டியும் காசநோய்க் கட்டியும் அப்படியே தெரியும் என்றார் நரம்பியல் மருத்துவர். அந்த மருத்துவருக்கு என் மகள் வயதிருக்கும்.

நான் நெய்வேலி இரண்டாவது நிலக்கரிச் சுரங்கத்தில் ஆழ்துளைப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன். பூமிக்குள் என்ன இருக்கிறது என்பதைத் துளை போட்டு, மண்ணை வெளியே எடுத்துப் பார்த்த பிறகே எழுதுவோம். ஆகவே பயாப்ஸி (ஊசியால் கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதிப்பது) செய்துவிடுங்கள் என்றேன்.

“ஐயா, கட்டி இருக்கறது பேச்சு வர்ற இடத்துக்குப் பக்கத்துல. ஊசி போனா பேச்சு போயிடலாம். முதல்ல இன்னொரு ஸ்கேன் பாத்துடுவோம்.”

“படத்த நம்பியா மருந்து குடுப்பீங்க?”

மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “உங்க தலை என்னங்க, செகண்ட் மைன்ஸா? தோண்டு, தோண்டுன்னு நிக்கறீங்க.”

அடுத்த ஸ்கேனில் ஸ்பெக்ட்ராஸ்கோபி (கட்டிக்குள் உள்ள வேதிப்பொருள்களைக் கோட்டுப்படமாகக் காட்டுவது), பெர்ஃப்யூஷன் (கட்டிக்குள் ஓடும் ரத்தத்தின் அளவு) இரண்டையும் பார்த்தார்கள். செல்கள் பெருகும் புற்றில் கோலின் என்ற பொருளின் முகடு உயர்ந்து நிற்குமாம். எனக்கு அது தாழ்ந்திருந்தது. கொழுப்பின் முகடு உயர்ந்திருந்தது. ரத்த ஓட்டமும் குறைவு.

“காசநோய்க் கட்டி மாதிரிதான் இருக்கு,” என்றார் மருத்துவர்.

“நூத்துக்கு எத்தனை நிச்சயம்?”

“நூறுன்னு சொல்ல மாட்டேன். மாத்திரைக்குச் சுருங்கினா அதுதான். இல்லன்னா நீங்க கேட்ட ஊசி.”

“புத்துநோயா இருந்தா அதுக்குள்ள வளந்துடுமே?”

“வளரலாம். அதனாலதான் ஆறு வாரத்துலயே திரும்பப் படம் எடுக்கறோம்.”

மனைவி சொன்னாள்: “இவரு பேச்சு நின்னா வீடு நிம்மதியா இருக்கும் டாக்டர். ஆனா வேணாம். மாத்திரையே குடுங்க.”

இதே நிலையில் இருப்பவர்களுக்கு: மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், ரத்தம் என்று பயப்பட வேண்டாம். நுரையீரலில் நோய் இல்லையென்று மருத்துவர் சொல்லிவிட்டால் மற்றவருக்குத் தொற்றாது. எனக்கென்று தனித் தட்டு எடுத்து வைத்தேன். மனைவி அதில் புளி ஊறப் போட்டுவிட்டாள்.

அந்த ஆறு வாரமும் காலையில் எழுந்ததும் ஒன்று முதல் நூறு வரை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். புதிய படத்தில் வளையம் பதினோரு மில்லிமீட்டர். மருத்துவர் இரண்டு படங்களையும் அருகருகே வைத்துக் காட்டினார். நானே ஸ்கேல் வாங்கி அளந்தேன். பதினெட்டு மாதம் மாத்திரை முடிந்தபோது ஒரு புள்ளிதான் மிச்சம்.

அந்தக் கட்டியை இன்றுவரை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. எனக்குள் இருந்ததை நான் அறிந்தது படங்களில் மட்டும். இப்போதும் பேசும்போது ஒரு சொல் வரத் தாமதித்தால் அந்த இடைவெளி மிக நீளமாக இருக்கிறது. பிறகு சொல் வந்துவிடுகிறது.

பேச்சு போகவில்லை. மருத்துவச் செலவுக்குச் சுரங்கக் கம்பெனி கொடுத்தது போக, என் கையிலிருந்து போனது நாற்பத்தோராயிரத்து எழுநூற்று இருபது ரூபாய்.