ஏழாவது நிபந்தனை

பல்லுக்காரிக்கு இரண்டு பைத்தியங்கள் என்று அவளுடைய தங்கை ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். ஒன்று, சனிக்கிழமை மதியம் நாலு பேரைக் கூட்டிவைத்துப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. மற்றது நிக்காஹ் சட்டம். முதலாவதையாவது மன்னித்துவிடலாம், இரண்டாவதைப் பற்றிப் பேச்செடுத்தால் வந்த விருந்தாளி செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார் என்பது தங்கையின் கட்சி.

பல்லுக்காரி என்றால் பல் பிடுங்குகிறவள் இல்லை. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சுகளை வைத்துப் பல்செட் செய்கிறவள். மாடியில் ஒரே அறை. ஜன்னலோரம் நீள மேஜை, மெழுகு உருக்கச் சின்ன அடுப்பு, அலமாரி முழுக்க யார் யாருடைய ஈறுகளோ வெள்ளைச் சாந்தில். அரை மில்லிமீட்டர் பிசகினால் போட்டவர் வாய் புண்ணாகும். அதனால் எதையும் உரசிப் பார்க்காமல் விடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

இருபத்திரண்டு வயதில் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. வேலைக்கென்று வெளியூர் போன கணவன் அத்தோடு போய்ச் சேர்ந்தான். உயிரோடுதான் இருந்தான், திரும்பத்தான் இல்லை. விடுதலை வாங்க ஏழு வருடம் அலைந்தாள். அப்போது ஒருநாள் தன் நிக்காஹ் பத்திரத்தை எடுத்துப் பார்த்தாள். 'நிபந்தனைகள்' என்ற கட்டத்தில் அவளுடைய அப்பா பேனாவால் ஒரு நேர்கோடு இழுத்திருந்தார். எதுவுமில்லை என்று அர்த்தம். மணவிலக்கு உரிமையைக் கணவன் மனைவியிடமும் ஒப்படைக்கலாம் என்று பழைய சட்ட அறிஞர்களே எழுதிவைத்திருப்பதைப் பிறகுதான் படித்தாள். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. பதினைந்து வருடமாகியும் அது ஆறவில்லை, ஆறவிடவும் அவளுக்கு இஷ்டமில்லை.

பெண்கள் போட வேண்டிய நிபந்தனைகளை எழுதி ஒரு மாதிரி ஒப்பந்தம் தயாரித்துப் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் போய் நின்றாள். "சட்டத்தையே மாத்த வந்துட்டியாம்மா?" என்று கேட்டார்கள். "இருக்கறதையே நீங்க யாருக்கும் சொல்லல. முதல்ல அதைச் சொல்லுங்க. போதாததை மாத்தறதைப் பத்தி அப்புறம் சண்டை போடலாம்" என்றாள். அன்றிலிருந்து அவளைக் கண்டால் அவர்களுக்குத் தொழுகைக்கு நேரமாகிவிடும்.

இந்தச் சமயத்தில்தான் தங்கை மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. சனிக்கிழமை ஆட்டத்தில் தவறாமல் உட்காருகிற பெண் அவள். ஆட்டம் இதுதான். பல்லுக்காரி கதை சொல்லுவாள், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள், காரியம் பலிக்குமா என்று சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். அந்த மேஜைக்கு ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. பிடிக்காத விதியை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், ஆனால் அடித்த இடத்தில் தன் பெயரையும் காரணத்தையும் எழுத வேண்டும். அப்புறம் அது எல்லார் முன்னாலும் படிக்கப்படும்.

அந்த வாரம் பல்லுக்காரி பூதத்தையும் கோட்டையையும் ஒதுக்கிவைத்துவிட்டு ஒப்பந்தத்தை மேஜையில் வைத்தாள். "இன்னைக்கு இதுதான் ஆட்டம். ஓட்டை எங்க இருக்குன்னு கண்டுபிடிங்க." தங்கை மகளுக்கு மனைவி வேஷம், கீழ்க்கடையில் மூக்குக்கண்ணாடி விற்பவருக்குக் கணவன் வேஷம்.

கண்ணாடிக்காரர் பரம சாது. ஆனால் ஆட்டத்தில் பொல்லாத கணவனாகிவிட்டார். "நான் எங்கயும் போகலம்மா. வீட்டுலயேதான் இருப்பேன். நீயும் இரு. வேலை வேணாம், அம்மா வீடு வேணாம், வாசல்ல நிக்கவும் வேணாம்." தங்கை மகள் பத்திரத்தைப் புரட்டினாள். ஆறு நிபந்தனைகள் இருந்தன. ஓடிப்போனால், செலவுக்கு அனுப்பாவிட்டால், தகவலே இல்லாவிட்டால் என்று ஆறும் வீட்டில் இல்லாத ஆளைப் பற்றியவை.

"பெரியம்மா, உங்க புருஷன் போயிட்டாரு. எல்லாரும் போக மாட்டாங்க."

பல்லுக்காரிக்குச் சுருக்கென்றது. பதினைந்து வருடம் உழைத்து, தன் ஒருத்தி வாய்க்கு மட்டும் பொருந்துகிற செட்டைச் செய்துவைத்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அங்கேயே ஏழாவதை எழுதினாள்: மனைவியின் வேலையையோ, படிப்பையோ, தாய்வீட்டுப் போக்குவரத்தையோ கணவன் தடுத்தால், அவன் ஒப்படைத்த உரிமையைக் கொண்டு அவளே விலகிக்கொள்ளலாம்.

ஒப்பந்தத்தைத் தங்கை மகளின் நிக்காஹுக்கென்று அனுப்பியபோது, ஆறு வரை மாப்பிள்ளை வீட்டில் தலையாட்டினார்கள். ஏழுக்கு மாப்பிள்ளையின் பெரியப்பா மாடியேறி வந்துவிட்டார். மேல்செட் இடிக்கிறது என்று சாக்கு.

"பகடை உருட்டி ஷரீஅத் சட்டம் எழுதறியாமே?"

"காசு வச்சு ஆடறதில்லை மாமா. எழுதினது பேனாவாலதான். வாயைத் திறங்க."

"எங்க பையன் அந்த மாதிரி பையனே இல்ல. அப்புறம் அது எதுக்கு?"

"அந்த மாதிரி இல்லன்னா அது ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே."

"அதை எடுக்கலன்னா நிக்காஹ் நடக்காது, சொல்லிட்டேன்."

"நான் எடுக்க மாட்டேன். நானும் சொல்லிட்டேன். கடிச்சுப் பாருங்க, இப்ப இடிக்குதா?"

இடிக்கவில்லை. அதுவும் அவருக்கு எரிச்சலாக இருந்தது.

தங்கை அக்காவின் காலைப் பிடிக்காத குறை. "ஒரு வரிதானேக்கா. உன் வீம்புக்கு என் பொண்ணு வாழ்க்கையா?" பல்லுக்காரி அன்று சாப்பிடவில்லை. நின்றுபோனால் பழி தன் தலையில்தான் விழும் என்று அவளுக்குத் தெரியும். தங்கை மகளைக் கூப்பிட்டுக் கேட்டாள். "உனக்கு வேணாம்னா சொல்லு, இப்பவே எடுத்துடறேன்." அந்தப் பெண் சிரிக்கவில்லை. "அது என் வரி பெரியம்மா. நான்தான் கண்டுபிடிச்சேன்."

நிக்காஹ் அன்று மண்டபம் நிறைந்திருந்தது. பதிவாளர் ஒப்பந்தத்தை விரித்தார். பெரியப்பா எழுந்து வந்து, "ஏழாவதை அடிச்சிடுங்க" என்றார். பதிவாளர் கையைப் பிசைந்தார். மாப்பிள்ளை தரையைப் பார்த்தான். பல்லுக்காரி வாயைத் திறக்குமுன் மணப்பெண்ணே பேனாவை எடுத்து நீட்டினாள்.

"அடிங்க பெரியப்பா. ஆனா அடிச்ச இடத்துல உங்க பேரையும் காரணத்தையும் எழுதுங்க. நான் அதை எல்லாருக்கும் படிச்சுக் காட்டிட்டு, அப்புறம் சம்மதமா இல்லையான்னு சொல்றேன்."

"காரணமா? என்ன காரணம்?"

"எதுக்கு அடிக்கிறீங்களோ அது. உங்க பையன் தடுப்பாரு, அதனால அடிக்கிறேன்னு எழுதினாலும் சரி. தடுக்க மாட்டாரு, ஆனாலும் இருக்கக் கூடாதுன்னு எழுதினாலும் சரி."

பேனாவை வாங்கியவர் காகிதத்தின் மேல் குனிந்தார். பின்வரிசைப் பெண்கள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். அவர் எதையோ மென்றார், விழுங்கினார். பேனா காகிதத்தில் படவேயில்லை. அப்போது மாப்பிள்ளை எழுந்தான். பெரியப்பாவின் கையிலிருந்து பேனாவை மரியாதையாக வாங்கினான். ஏழாவது வரியின் ஓரத்தில் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, மற்ற ஆறுக்கும் அதேபோல் போட்டான்.

தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டே அக்காவை முறைத்தாள். பல்லுக்காரி அதைக் கவனிக்கவில்லை. அவள் மேஜையருகே போய்ப் பத்திரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். 'நிபந்தனைகள்' கட்டத்தில் இடம் போதாமல் பின்னால் ஒரு தாள் இணைத்திருந்தார்கள். கோடு எங்கேயும் இல்லை. அப்படியும் நம்பாமல் தாளை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள்.