‘வச்சுட்டீகளா?’ என்று கேட்ட குரல்

காரைக்குடியில் என் கடைச் சுவரில், மோட்டார் காயில் சுற்றும் மெஷினுக்கு மேலே, ஒரு குண்டு பல்பு ஆணியில் தொங்குகிறது. ஹோல்டரிலிருந்து சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர்கள் நீண்டிருக்கும். நுனியில் மட்டும் கொஞ்சம் செம்பு தெரியும். பழைய நூறு வாட் பல்பு அது. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் இடது கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது.

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஃபேன், மிக்சி, கிரைண்டர் எல்லாம் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவை. நாலு பேர் நடுவில் வாய் திறக்க எனக்கு வராது. சில வருடங்களுக்கு முன்பு, வலையபட்டியில் நான் வழக்கமாக ஃபேன் பார்க்கும் வீட்டில் புதிய மாதிரி இன்வெர்ட்டர் ஏசி வாங்கி மாட்டினார்கள். கெட்டால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு, மெக்கானிக்குகளுக்கான ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்தேன். ஒரு மாதம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். வோல்ட் கணக்கும் போட்டோவும் போட்டுக் கேட்கிறவர்களுக்கு உடனே பதில் வரும். சின்னக் கேள்வி கேட்கிறவர்களுக்குச் சிரிக்கிற முகங்கள் வரும், பிறகு ‘மேலே இருக்கிற ரூல்ஸைப் படிங்க’ என்று ஒரு வரி வரும். ரூல்ஸ் இங்கிலீஷில் இருந்தது. அதைப் பார்த்தே பல கேள்விகளை விழுங்கியிருக்கிறேன்.

அந்த ஏசி ஒரு சித்திரை மாத மதியத்தில் நின்றது. மொட்டை மாடியில் ஏசியின் வெளிப்பெட்டியைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே போர்டில் கரண்டைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர்கள் டம்ளர் அளவுக்கு மூன்று. ஃபேன் கெப்பாசிட்டரில் கரண்டு தங்கியிருந்தால் ஸ்க்ரூடிரைவரை அதன் இரண்டு முனையிலும் சேர்த்து வைப்போம். ‘டப்’ என்று பொறி வந்து அடங்கிவிடும். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற காரியம். ஆனால் இவ்வளவு பெரியதை நான் தொட்டதில்லை. கீழிருந்து வீட்டு ஆச்சி, “என்னப்பா, முடிஞ்சுச்சா? அப்பச்சிக்கு வேர்த்துக் கொட்டுது” என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள். எனக்கு டைப் செய்ய வராது. மனதைத் திடப்படுத்திக்கொண்டு குரலில் அனுப்பினேன். “வணக்கம்ணே. மெயினை ஆஃப் பண்ணிட்டேன். ஏசி கெப்பாசிட்டர்ல ஸ்க்ரூடிரைவரை எங்குட்டு வைக்கணும்ணே?”

சிரிக்கிற முகங்கள் வரிசையாக வந்தன. “வாயில வைங்க” என்றார் ஒருவர். “எங்குட்டு வச்சாலும் நேரா மேலதான்” என்றார் இன்னொருவர். “கிரைண்டர் கழுவுறவங்களை எல்லாம் யாரு சேர்த்தது?” என்றார் மூன்றாமவர். இன்று யோசித்தால் அந்த இரண்டாவது பதிலில் உண்மை இருந்தது தெரிகிறது. ஆனால் சிரிப்பிலிருந்து உண்மையைப் பிரித்தெடுக்க அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. காது சுட்டது. கேட்டதே தப்பு என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். தெரியாமல் எடுத்தேன் என்பதைவிட, வெட்கத்தில் எடுத்தேன் என்பதுதான் சரி.

அப்போது போன் அடித்தது. புது நம்பர். ஒரு பெண் குரல், வணக்கம்கூடச் சொல்லாமல், “வச்சுட்டீகளா?” என்றது.

“இல்லம்மா, வைக்கப் போறேன்.”

“வச்சுறாதீகண்ணே. கையை எடுங்க. எடுத்துட்டீகளா? சத்தமாச் சொல்லுங்க.”

சொன்னேன். திருப்பத்தூரில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் பெண் அவர். குரூப்பில் கடையின் போர்டு படத்தை மட்டும் வைத்திருந்ததால் எல்லோரும் அவரை ‘சார்’ என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவர் சொன்னபடி ஆச்சியிடம் ஒரு பழைய குண்டு பல்பு வாங்கி, பையில் இருந்த ஹோல்டரில் மாட்டி, இரண்டு ஒயர் இழுத்தேன். “செருப்பைப் போட்டுக்கங்க. இடது கையை முதுகுக்குப் பின்னால வச்சுக்கங்க. ஒரு ஒயரைக் கெப்பாசிட்டரோட ஒரு முனையில முதல்லயே மாட்டிருங்க. இன்னொன்னை ஒத்தைக் கையால பிடிச்சு அடுத்த முனையில தொடுங்க” என்றார். தொட்டேன். அந்த உச்சி வெயிலிலும் பல்பு பளிச்சென்று எரிந்தது, மெல்லச் சிவந்து அணைந்தது. மெயினை ஆஃப் செய்து அரை மணி நேரம் ஆகியும் கரண்டு உள்ளேயே இருந்திருக்கிறது.

“எரிஞ்சு அணைஞ்சுருச்சும்மா” என்றேன். அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

“அது உங்க கைக்குள்ள எரிய வேண்டியதுண்ணே.”

ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டேன். தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். நான் எழுந்திருக்கும் வரை அவர் பேசிக்கொண்டிருந்தார். இதே கேள்வியை அவர் வேறொரு குரூப்பில் கேட்டாராம், தன் வீட்டுக்காரருக்காக. ‘வச்சுப் பாருங்க, தெரியும்’ என்று பதில் வந்ததாம். வீட்டுக்காரர் வைத்துப் பார்த்தார். வலது கையில் மூன்று விரல் இன்னும் மடங்காது. அதிலிருந்து யாராவது புதிதாகக் கேட்டால் தனியாக போன் செய்துவிடுவாராம். “குரூப்ல ஏம்மா சொல்லல?” என்றேன். “பொம்பளைன்னு தெரிஞ்சா வேற மாதிரி மெசேஜுல்லண்ணே வரும்” என்றார்.

நான் அனுப்பிய குரலை யாரோ வெட்டி வைத்துக்கொண்டார்கள். அதன்பின் யார் சின்னக் கேள்வி கேட்டாலும், ‘எங்குட்டு வைக்கணும்ணே?’ என்று என் குரலைப் போட்டுச் சிரிப்பார்கள். போனில் அந்தச் சத்தம் வந்தாலே அணைத்துவிடுவேன். ஒரு நாள் திருப்பத்தூர்த் தங்கச்சி தன் குரலிலேயே பேசிவிட்டார். “அந்த அண்ணன் கேட்டதாலதான் உசுரோட இருக்காக. நீங்க எல்லாம் பொறக்கும்போதே மீட்டரோடவா பொறந்தீக?” சிரிப்பு ஒரு நிமிடம் நின்றது. பிறகு அவரைப் பற்றியே வர ஆரம்பித்தது. அவர் சொன்ன மாதிரிப் பேச்சுகள். ஆமாம், நான்தான் அது, அவர்தான் என்னைக் காப்பாற்றினார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மைக் படத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டே இருந்தேன். அழுத்தவில்லை. மாலைக்குள் அவர் குரூப்பை விட்டுப் போய்விட்டார். மன்னிப்புக் கேட்கக் கூப்பிட்டபோது, “விடுங்கண்ணே, பயம் எல்லாருக்கும் உள்ளதுதான்” என்றார். அடுத்த வருடம் அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது.

போன வாரம் கடையில் இருந்தபோது குரூப்பில் ஒரு குரல் வந்தது. ஊர் தெரியாத ஆள். ஏசியைப் பிரித்து வைத்திருக்கிறாராம், கெப்பாசிட்டரை எப்படி அடக்குவது என்றார். முதல் சிரிக்கிற முகம் வந்துவிட்டது. தனியாகக் கூப்பிட்டேன். மணி அடித்து நின்றது. மறுபடியும் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அவரும் போனைக் கவிழ்த்து வைத்திருப்பாரோ என்று நினைத்தேன். இனி தனியாகக் கூப்பிட அந்தத் தங்கச்சி இல்லை. மைக் படத்தை அழுத்தினேன். “தம்பி, எங்குட்டும் வச்சுறாதீக. போனை எடுங்க” என்று குரூப்பிலேயே சொன்னேன். பதிலுக்கு என் பழைய குரலே வந்தது. இரண்டு முறை வந்தது. நான் அந்த ஆளின் பேரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன் அடித்தது.

“வச்சுட்டீகளா?” என்றேன்.

“இல்லண்ணே. கையிலதான் வச்சிருக்கேன்.”

ஆணியிலிருந்து பல்பை எடுத்தேன். அவர் எந்த ஊரில் எந்த மாடியில் இருந்தாரோ, நான் ஏன் அதை எடுத்தேன் என்று தெரியவில்லை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, வலது கையில் ஒயரும் முதுகுக்குப் பின்னால் இடது கையுமாக, என் கடை நடுவில் நின்றபடி ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தேன்.