நத்தைக் கல்

அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் நத்தை மாதிரிச் சுருண்ட அந்த நத்தைக் கல்லைப் பார்த்ததும் எனக்குப் பூண்டு வாசம் அடித்தது. பல கோடி வருஷத்துக்கு முந்திய கடல் பிராணி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அது விக்கிரமங்கலத்துக்கு மேற்கே இருந்த எங்கள் ஓடைக் கல். ஓடை இருந்த இடத்தில் இன்று சிமெண்டுக்காகத் தோண்டிய பள்ளம்தான் இருக்கிறது.

அமெரிக்காக்காரன் விட்ட ஸ்கைலாப் விண்வெளிக்கூடம் தலையில் விழப்போகிறது என்று ஊரே நடுங்கிய வருஷம் அது. சுண்ணாம்புக் குவாரியில் வெடி வைக்கும்போதெல்லாம் எங்கள் தகரக் கூரை அதிரும். ஓடைக்கு அடியில் பட்டாளத்துக்காரர்கள் ராக்கெட்டை மறைத்து வைத்திருக்கிறார்கள், அந்தச் சத்தம்தான் இது என்று கடலைக்குக் களை வெட்டுகிற பெண்கள் பேசிப் பேசியே அது உண்மையாகிவிட்டது. அப்போதுதான் சுத்தியலும் தோள்பையுமாக ஒருவர் ஓடையில் இறங்கிக் கற்களைத் தட்டித் தட்டி எடுத்தார்.

"உளவு பாக்க வந்திருக்கான்டி, புடிங்கடி!" என்று முதலில் கத்தியது என் அத்தை.

"நான் காலேஜ் வாத்தியாருங்கம்மா, இது வெறும் கல்லுங்க" என்று அவர் பையைக் கவிழ்த்துக் காட்டினார். கொட்டிய கற்களையே ஆளுக்கொன்றாக எடுத்து அடித்தார்கள். துணி துவைக்கிற மாதிரி ஈரமான சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. முகமெல்லாம் ரத்தமாகக் கிடந்தவரை மாட்டு வண்டியில் போட்டு அரியலூருக்கு அனுப்பினார்கள். பிழைத்தாரா என்று யாரும் விசாரிக்கவில்லை.

ஸ்கைலாப் எங்கோ தூரத்தில் விழுந்து தொலைந்தது. வண்டி போன அன்றே அத்தை தன் கையிலிருந்த நத்தைக் கல்லைத் தொட்டித் தண்ணீரில் கழுவி, "கைக்கு அடக்கமா இருக்குடி" என்றாள். அவள் சாகிறவரைக்கும் எங்கள் வீட்டில் பூண்டு நசுக்கியது அந்தக் கல்லால்தான்.